மாதிரி இருப்புப்பாதைத் தடமாற்றிகளுக்கான டிஜிட்டல் மின்னிணைப்பு

மாதிரி இருப்புப்பாதையில் ரயிலை ஒரு பாதையிலிருந்து மற்றொரு பாதைக்குத் திருப்பிவிடும் அமைப்பு தடமாற்றி எனப்படும். ரயில்வே ஊழியர் வழக்கில் இது பாயிண்ட். டிசிசி எனப்படும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் ஒவ்வொரு தடமாற்றிக்கும் இரண்டு தனித்தனி மின்சுற்றுகள் தேவைப்படுகின்றன. முதலாவது, தடமாற்றியின்மேல் ஓடும் எஞ்சினுக்குத் தண்டவாளம் வழியாக மின்சாரம் தரும் சுற்று. இரண்டாவது, தடமாற்றியின் நாக்குகளை நகர்த்தும் மோட்டாருக்கு மின்சாரமும் கட்டளையும் தரும் சுற்று.

முதல் சுற்றில் பிழை இருந்தால், ஒரு சக்கரம் தவறான இடத்தில் பட்டவுடன் மேசையில் ஓடும் எல்லா ரயில்களும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். இரண்டாவது சுற்று முதலாவதை நம்பியிருந்தால், நின்றுபோனதைச் சரிசெய்யும் வழியும் அதனுடன் அடைபட்டுவிடும். ஆகவே முதல் சுற்றைப் பிழையின்றி அமைப்பதும், இரண்டாவது சுற்றை அதிலிருந்து பிரித்து வைப்பதும் இந்த மின்னிணைப்பின் இரண்டு அடிப்படைகள் ஆகும்.

இக்கட்டுரை இரு தண்டவாள முறையைப் பற்றியது. இதில் இடத் தண்டவாளம் ஒரு மின்முனையாகவும் வலத் தண்டவாளம் மறு மின்முனையாகவும் இருக்கும். ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனத்தின் நடுத்தொடுகை முறையில் இரு தண்டவாளங்களும் ஒரே மின்முனையைச் சேர்ந்தவை. நடுவிலுள்ள தொடுபுள்ளிகளே மறுமுனை. எனவே கீழே சொல்லப்படும் ஃபிராக் சிக்கல் அந்த முறையில் எழுவதில்லை.

தடமாற்றியின் உறுப்புகள்

மின்னிணைப்பைப் புரிந்துகொள்ளத் தடமாற்றியின் உறுப்புகளை முதலில் அறிய வேண்டும்.

நிலைத் தண்டவாளங்கள்: தடமாற்றியின் இரு வெளிப்புறங்களிலும் அசையாமல் செல்லும் இரண்டு தண்டவாளங்கள்.

நாக்குத் தண்டவாளங்கள்: உட்புறத்தில், நுனி கூராகச் சீவப்பட்ட இரண்டு அசையும் தண்டவாளங்கள். ஒன்று தன் பக்கத்து நிலைத் தண்டவாளத்தோடு ஒட்டியிருக்கும்போது மற்றது விலகியிருக்கும்.

இழுகோல்: இரு நாக்குகளையும் இணைத்து, ஒன்றாக நகர்த்தும் குறுக்குப்பட்டை.

இணைப்புத் தண்டவாளங்கள்: நாக்குகளுக்கும் ஃபிராக்குக்கும் இடைப்பட்ட பகுதி.

ஃபிராக்: நேர்ப்பாதையின் ஒரு தண்டவாளமும் கிளைப்பாதையின் ஒரு தண்டவாளமும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் ஆப்பு வடிவ முனை. ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குத் தவளை என்று பொருள். குதிரைக் குளம்பின் அடியில் உள்ள ஆப்பு வடிவப் பகுதிக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் உண்டு.

தடமாற்றிகளை ஃபிராக் எண்ணால் குறிப்பது அமெரிக்க வழக்கம். 6-ஆம் எண் என்றால், ஃபிராக் முனையிலிருந்து 6 அலகு நீளம் சென்றால் இரு பாதைகளும் 1 அலகு விலகியிருக்கும் என்று பொருள். எண் கூடக் கூடக் கிளைப்பாதையின் வளைவு மென்மையாகும். அதேவேளை ஃபிராக்கின் நீளமும் கூடும். மின்னிணைப்பில் இந்த நீளம் முக்கியமானது என்பது பின்னர் விளங்கும்.

ஃபிராக்கில் ஏன் சிக்கல் எழுகிறது?

வலப்புறம் கிளைபிரியும் ஒரு தடமாற்றியை எடுத்துக்கொள்வோம். நாக்குகள் இருக்கும் பக்கத்தில் நின்று ஃபிராக்கை நோக்கினால், இடப்புற நிலைத் தண்டவாளத்தை 'அ' முனை என்றும், வலப்புற நிலைத் தண்டவாளத்தை 'ஆ' முனை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ரயில் நேரே சென்றால் அதன் வலச் சக்கரங்கள் ஃபிராக்கின்மேல் உருளும். வலப்புறம் 'ஆ' முனை என்பதால் ஃபிராக்கும் 'ஆ' ஆக இருக்க வேண்டும். ரயில் வலப்புறம் திரும்பினால் அதன் இடச் சக்கரங்கள் அதே ஃபிராக்கின்மேல் உருளும். இப்போது ஃபிராக் 'அ' ஆக இருக்க வேண்டும். ஒரே உலோகத் துண்டு, தடம் மாறும்போதெல்லாம் தன் மின்முனையையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாதிரி ரயில்களின் நூற்றாண்டு வரலாற்றில் இதற்கு இரண்டு விடைகள் காணப்பட்டன. ஃபிராக்கைப் பிளாஸ்டிக்கால் செய்து மின்சாரமே இல்லாமல் விட்டுவிடுவது ஒன்று. ஃபிராக்கை உலோகத்தால் செய்து, அதன் மின்முனையை மாற்றிக்கொடுப்பது மற்றொன்று. பிரிட்டனின் பீக்கோ நிறுவனம் முதல் வகைக்கு இன்சுல்ஃப்ராக் என்றும் இரண்டாம் வகைக்கு எலக்ட்ரோஃப்ராக் என்றும் பெயரிட்டது. இப்பெயர்கள் இன்று பிற நிறுவனங்களின் தடமாற்றிகளைக் குறிக்கவும் பொதுவாக வழங்குகின்றன. அதே நிறுவனம் பின்னர் வெளியிட்ட யூனிஃப்ராக் வகையில் சிறிய உலோக ஃபிராக் எல்லாப் பக்கமும் மின்காப்புடன் தனித்து நிற்கும். விரும்பினால் அதற்கு மின்சாரம் தரலாம், இல்லாவிட்டால் அப்படியே விடலாம்.

டிஜிட்டல் கட்டுப்பாடு கொண்டுவந்த மாற்றம்

பழைய முறையில் தண்டவாளத்தில் 0 முதல் 12 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் தரப்படும். அழுத்தத்தைக் கூட்டினால் ரயில் வேகமெடுக்கும். முனைகளை மாற்றினால் பின்னோக்கி ஓடும். இரண்டு ரயில்களைத் தனித்தனியே இயக்க வேண்டுமானால் பாதையைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1946-இல் தொடங்கிய மாதிரி ரயில் மாணவர் சங்கம், தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட ரிலேக்களைக் கொண்டே இத்தகைய சுற்றுகளை அமைத்து ரயில்களை ஓட்டியது.

டிசிசி முறையை 1980-களின் இறுதியில் உருவாக்கியது ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம். 1935-இல் தோன்றிய அமெரிக்க மாதிரி இருப்புப்பாதைச் சங்கமான என்எம்ஆர்ஏ, 1990-களில் இதனைத் தரநிலையாக ஏற்றது. இம்முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். எச்ஓ அளவில் இது பெரும்பாலும் 14 அல்லது 15 வோல்ட். இரு தண்டவாளங்களின் மின்முனைகளும் நொடிக்குப் பல ஆயிரம் முறை இடம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தின் கால அளவிலேயே செய்தி அடங்கியுள்ளது. மாற்றத்தின் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோசெகண்ட் நீடித்தால் அது 1 என்னும் பிட். 100 மைக்ரோசெகண்ட் அல்லது அதற்கு மேல் நீடித்தால் 0 என்னும் பிட். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் இந்த பிட்களைப் படித்து, தன் முகவரிக்கு வந்த கட்டளையை மட்டும் நிறைவேற்றும். மின்சாரமும் செய்தியும் ஒரே தண்டவாளத்தில் ஒன்றாகச் செல்வதே இம்முறையின் சிறப்பு.

இச்சிறப்பே தடமாற்றியை நுட்பமான இடமாக ஆக்கியது. பழைய முறையில் குறுக்குச் சுற்று, அதாவது பேச்சுவழக்கில் ஷார்ட், ஒரு கணம் ஏற்பட்டால் விளக்கு சிமிட்டும். ரயில் தன் உந்தத்தில் கடந்துபோய்விடும். டிசிசி முறையில் பூஸ்டர் என்னும் மின்பெருக்கி 5 ஆம்பியர் வரை தரக்கூடியதாக இருக்கலாம். 15 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றால் 75 வாட். வீட்டில் பயன்படுத்தும் 25 வாட் சாலிடரிங் அயர்ன் மூன்றின் வெப்பம் ஒரு சிறு சக்கரத்தின் விளிம்பில் இறங்குவதற்கு இது சமம். பிளாஸ்டிக் உருகும்; நாக்கின் நுனி கருகும். இதைத் தடுக்கவே பூஸ்டர் குறுக்குச் சுற்றை உணர்ந்தவுடன், நொடியின் சிறு பகுதிக்குள், மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. அந்த பூஸ்டரை நம்பியிருக்கும் எல்லா ரயில்களும் அப்போது நின்றுவிடுகின்றன. பழைய முறையில் கண்ணில் படாமல் இருந்த பிழை இப்போது எல்லோர் கண்ணிலும் படுகிறது.

சக்கரம் இரு முனைகளை இணைக்கும் இடங்கள்

தடமாற்றியில் குறுக்குச் சுற்று ஏற்படும் இடங்கள் மூன்று.

முதலாவது, விலகியிருக்கும் நாக்கு. பழைய வகை உலோக ஃபிராக் தடமாற்றிகளில் இரு நாக்குகளும், இணைப்புத் தண்டவாளங்களும், ஃபிராக்கும் மின்வழியில் ஒன்றே. நேர்ப்பாதைக்கு மாற்றியிருக்கும்போது வலது நாக்கு 'ஆ' முனையோடு ஒட்டியிருப்பதால், விலகி நிற்கும் இடது நாக்கும் 'ஆ' ஆகிவிடும். அதன் பக்கத்திலுள்ள நிலைத் தண்டவாளமோ 'அ'. இடைவெளி மிகச் சிறியது. சக்கரம் சற்றே கோணலாக இருந்தாலும் அதன் பின்பக்கம் நாக்கைத் தொட்டு இரு முனைகளையும் இணைத்துவிடும்.

இரண்டாவது, பிளாஸ்டிக் ஃபிராக்கின் முனை. அங்கே எதிரெதிர் முனைகளைச் சேர்ந்த இரு தண்டவாளங்கள் மிக நெருங்கி வருகின்றன. அகலமான சக்கரம் ஒன்று இரண்டையும் ஒரு கணம் தொட்டுவிடலாம்.

மூன்றாவது, தனக்கு எதிராக மாற்றப்பட்டிருக்கும் தடமாற்றிக்குள் ஃபிராக் பக்கத்திலிருந்து நுழையும் ரயில். அப்போது ஃபிராக் தவறான முனையில் இருக்கும். எஞ்சினின் சக்கரம் மின்காப்பு இடைவெளியைத் தாண்டும் கணத்திலேயே குறுக்குச் சுற்று உண்டாகும். இது கம்பி இணைப்பின் பிழையன்று, இயக்குபவரின் பிழை. ஆயினும் மிகச் சரியாக அமைத்த தடமாற்றியிலும் இது நிகழும் என்பதால், மின்னிணைப்பு இதையும் எதிர்பார்த்தே அமைய வேண்டும்.

தண்டவாளப் பகுதியை இணைக்கும் முறை

உலோக ஃபிராக் உள்ள தடமாற்றியை டிசிசி முறைக்கு ஏற்றதாக்கும் வேலை நான்கு படிகளில் முடியும். தடமாற்றியைப் பலகையில் பொருத்துவதற்கு முன்பே, கவிழ்த்து வைத்து இவற்றைச் செய்வது எளிது. புதிய தடமாற்றிகள் பலவற்றில் இவற்றுள் சில படிகள் தொழிற்சாலையிலேயே முடிந்திருக்கும். ஆகவே முதலில் மல்டிமீட்டரால் எந்தப் பகுதி எதனோடு இணைந்துள்ளது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1. ஃபிராக்கைத் தனிமைப்படுத்துதல்: இரு இணைப்புத் தண்டவாளங்களிலும், நாக்குகளுக்கும் ஃபிராக்குக்கும் இடையில், மெல்லிய இரம்பத்தால் ஒரு வெட்டு இட வேண்டும். வெட்டு வெப்பத்தில் மூடிக்கொள்ளாதபடி சிறு பிளாஸ்டிக் துண்டைப் பசையிட்டுச் செருகலாம்.

2. நாக்கை நிலைத் தண்டவாளத்தோடு இணைத்தல்: ஒவ்வொரு நாக்கையும் அதன் பக்கத்து நிலைத் தண்டவாளத்தோடு மெல்லிய கம்பியால் சாலிடர் செய்ய வேண்டும். இடது நாக்கு எப்போதும் 'அ', வலது நாக்கு எப்போதும் 'ஆ' என்றாகிவிடும். சக்கரத்தின் பின்பக்கம் நாக்கைத் தொட்டாலும் இரண்டும் ஒரே முனை என்பதால் தீங்கில்லை. இரு நாக்குகளும் இப்போது எதிரெதிர் முனைகள் என்பதால், இழுகோல் மின்சாரம் கடத்தாத பொருளால் ஆனதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. ஃபிராக்கிற்கு அப்பால் மின்காப்பு: ஃபிராக்கிலிருந்து வெளியேறும் இரண்டு உட்புறத் தண்டவாளங்களின் முனையில் பிளாஸ்டிக் இணைப்பிகளைப் பொருத்த வேண்டும்.

4. ஊட்டுக் கம்பிகள்: நிலைத் தண்டவாளங்களுக்கும், பிளாஸ்டிக் இணைப்பிகளுக்கு அப்பால் உள்ள தண்டவாளங்களுக்கும் தனித்தனி ஊட்டுக் கம்பிகள் கொடுக்க வேண்டும். உலோக இணைப்பிகளும், நாக்கு நிலைத் தண்டவாளத்தில் அழுந்துவதும் நாளடைவில் தூசியாலும் துருவாலும் மின்தொடர்பை இழக்கும். அவற்றை நம்பி மின்சாரத்தை அனுப்பலாகாது.

பிளாஸ்டிக் ஃபிராக் வகையில் இந்த வேலைகள் குறைவு. ஆனால் சக்கரங்கள் நான்கே உள்ள சிறிய எஞ்சின்கள் மின்சாரமற்ற பகுதியில் மெதுவாகச் செல்லும்போது நின்றுவிடக்கூடும். ஃபிராக் எண் உயர்ந்து அதன் நீளம் கூடும்போது இச்சிக்கலும் கூடும். முனையில் குறுக்குச் சுற்று ஏற்பட்டால், நெருங்கி நிற்கும் தண்டவாளங்களின் மேற்பரப்பில் நிறமற்ற நகப்பூச்சைத் தடவுவது ஆர்வலர்கள் கைக்கொள்ளும் எளிய வழி. அது தேய்ந்துபோகும்; ஆண்டுக்கு ஓரிரு முறை மீண்டும் தடவ நேரும்.

ஃபிராக்குக்கு மின்சாரம் தருதல்

தனிமைப்படுத்திய ஃபிராக்குக்கு ஒரு கம்பி இணைத்து, அதை இருவழி சுவிட்ச் ஒன்றின் நடுமுனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சுவிட்சின் மற்ற இரு முனைகளில் 'அ', 'ஆ' கம்பிகள் சேரும். நாக்குகளை நகர்த்தும் அதே இயந்திரம் இந்தச் சுவிட்சையும் மாற்ற வேண்டும். அப்போதுதான் தடத்தின் நிலையும் ஃபிராக்கின் முனையும் எப்போதும் பொருந்தியிருக்கும். பல தடமாற்றி மோட்டார்களில் இத்தகைய சுவிட்ச் உள்ளேயே அமைந்திருக்கும்.

மற்றொரு வழி, மின்னணு முறையில் தானே முனையை மாற்றிக்கொள்ளும் சுற்றுப்பலகை. ஃபிராக்கில் குறுக்குச் சுற்று தோன்றியவுடன், பூஸ்டர் உணர்வதற்கு முன்பே இது முனையை மாற்றிவிடும். மோட்டாரில் சுவிட்ச் இல்லாத இடங்களிலும் கையால் நகர்த்தும் தடமாற்றிகளிலும் இது பயன்படும். எதிராக மாற்றப்பட்ட தடமாற்றிக்குள் நுழையும் ரயிலையும் இது ஃபிராக்கில் நிற்கவிடாது. ஆனால் அந்த ரயில் அடுத்து நாக்குகளை அடையும்போது தடம்புரளும் ஆபத்து அப்படியே இருக்கும்.

நாக்குகளை நகர்த்தும் இயந்திரங்கள்

மூன்று வகை இயந்திரங்கள் பரவலாகப் பயன்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய மின்சாரம் வேறு என்பதால் டிகோடரையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சோலினாய்டு: இரு கம்பிச்சுருள்களுக்கு நடுவே ஓர் இரும்புத் தண்டு இருக்கும். மின்சாரம் பாயும் சுருள் தண்டைத் தன்பக்கம் இழுக்கும். இதற்குச் சில ஆம்பியர் மின்னோட்டம் தேவை; ஆனால் ஒரு கணம் போதும். மின்சாரம் தொடர்ந்து பாய்ந்தால் சுருள் எரிந்துவிடும். ஆகவே மின்தேக்கியில் ஆற்றலைச் சேர்த்து ஒரே வீச்சில் செலுத்துவது வழக்கம். எடுத்துக்காட்டாக, 4700 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 20 வோல்ட்டுக்கு ஏற்றினால் அதில் சுமார் 0.94 ஜூல் ஆற்றல் சேரும். அது தீர்ந்ததும் மின்னோட்டமும் நின்றுவிடுவதால் சுருளுக்கு ஆபத்தில்லை.

மெதுவியக்க மோட்டார்: அமெரிக்காவின் சர்க்யூட்ரான் நிறுவனத்தின் டார்ட்டாய்ஸ் இவ்வகையில் பெயர்பெற்றது. மின்முனையை மாற்றினால் திசை மாறும். நாக்கு மறுபக்கம் சென்று முட்டியதும் மோட்டார் நின்று, அழுத்தியபடியே இருக்கும். அந்நிலையில் 12 வோல்ட்டில் அது எடுப்பது 20 மில்லிஆம்பியருக்கும் குறைவு. மின்சாரத்தை நிறுத்த வேண்டிய தேவையே இல்லை. இதன் உள்ளே இரண்டு தனி இருவழிச் சுவிட்சுகள் உள்ளன. ஒன்றை ஃபிராக்குக்கும் மற்றொன்றைக் கைகாட்டி விளக்குக்கும் பயன்படுத்தலாம்.

சர்வோ: ரிமோட் விமானங்களில் பயன்படும் சிறு மோட்டார். ஏறத்தாழ 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வரும் துடிப்பின் அகலம் 1 முதல் 2 மில்லிசெகண்டுக்குள் எவ்வளவோ அதற்கேற்ற கோணத்தில் இது திரும்பும். விலை குறைவு. ஆனால் ஃபிராக்குக்கான சுவிட்ச் இதில் இல்லை. தனி ரிலே அல்லது நுண்சுவிட்ச் சேர்க்க வேண்டும்.

துணைக்கருவி டிகோடரும் முகவரியும்

தடமாற்றிக்கான டிகோடர் எஞ்சினுக்குள் இல்லாமல் மேசையின் அடியில் நிலையாகப் பொருத்தப்படும். இதைத் துணைக்கருவி டிகோடர் என்பர். டிஜிட்ராக்ஸ் நிறுவனத்தின் டிஎஸ்64 போன்றவை நான்கு தடமாற்றிகளையும், என்சிஇ நிறுவனத்தின் சுவிட்ச்-8 எட்டு மெதுவியக்க மோட்டார்களையும் இயக்கும்.

தரநிலையின்படி அடிப்படைத் துணைக்கருவி டிகோடருக்கு 9 பிட் முகவரி உண்டு. 9 பிட்களால் 512 எண்களை எழுதலாம். அவற்றில் ஒன்று எல்லா டிகோடர்களுக்குமான பொது அழைப்பு. மீதமுள்ள 511 முகவரிகள் ஒவ்வொன்றிலும் நான்கு வெளியீடுகள். ஆகவே 511 × 4 = 2044 தடமாற்றிகளை இயக்க இயலும். கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியில் 10-ஆம் எண்ணை அழுத்தினால், அது 3-ஆம் டிகோடரின் 2-ஆம் வெளியீட்டுக்கான கட்டளையாக மாறும். ஒரு கட்டளை தண்டவாளத்தில் செல்ல எடுக்கும் நேரம் 10 மில்லிசெகண்டுக்கும் குறைவு.

எஞ்சின் முகவரிகளும் தடமாற்றி முகவரிகளும் வெவ்வேறு பட்டியல்கள். 3-ஆம் எண் எஞ்சினுக்கும் 3-ஆம் எண் தடமாற்றிக்கும் மோதல் வராது. ஆனால் டிகோடர் முகவரியைச் சில தயாரிப்பாளர்கள் 0-இலிருந்தும் சிலர் 1-இலிருந்தும் எண்ணத் தொடங்குகின்றனர். வேறு வேறு நிறுவனங்களின் கருவிகளைச் சேர்த்துப் பயன்படுத்தும்போது 1-ஐ அழுத்தினால் 5-ஆம் தடமாற்றி அசைவது போன்ற நான்கு எண் நகர்வுக்கு இதுவே காரணம்.

தனி மின்வழியின் தேவை

துணைக்கருவி டிகோடரைப் பக்கத்திலுள்ள தண்டவாளத்தோடே இணைத்துவிட்டால் மின்சாரமும் கட்டளையும் ஒன்றாகக் கிடைத்துவிடும். கம்பியும் மிச்சம். சிறிய மேசைகளில் பலரும் இப்படித்தான் தொடங்குகின்றனர். இதில் மறைந்திருக்கும் குறை, மேலே சொன்ன மூன்றாவது சூழலில் வெளிப்படுகிறது.

ஒரு ரயில் தனக்கு எதிராக மாற்றப்பட்ட தடமாற்றிக்குள் நுழைகிறது. குறுக்குச் சுற்று ஏற்படுகிறது. பூஸ்டர் மின்சாரத்தை நிறுத்துகிறது. குறுக்குச் சுற்றை நீக்க எளிய வழி, தடமாற்றியை மறுபக்கம் மாற்றுவது. ஆனால் அதை மாற்ற வேண்டிய டிகோடருக்கும் அதே பூஸ்டரிலிருந்துதான் மின்சாரம் வர வேண்டும். பூஸ்டர் நின்றிருப்பதால் டிகோடர் கட்டளையைக் கேட்காது. டிகோடர் கேட்காததால் தடம் மாறாது. தடம் மாறாததால் குறுக்குச் சுற்று நீங்காது. எட்டாத மூலையில் நின்ற எஞ்சினைக் கையால் தூக்குவதைத் தவிர வேறு வழி இராது.

இதைத் தவிர்க்கத் துணைக்கருவிகளுக்கென்று தனியாக ஒரு சோடி முதன்மைக் கம்பிகளை மேசையின் அடியில் இழுக்க வேண்டும். இதற்கு மூன்று ஏற்பாடுகள் உள்ளன. தனி பூஸ்டர் வைக்கலாம். ஒரே பூஸ்டரின் வெளியீட்டைப் பிரித்து, தண்டவாளப் பகுதிக்கு மட்டும் தனி மின்துண்டிப்பான் வைக்கலாம். இத்துண்டிப்பான் பூஸ்டரைவிட விரைவாகச் செயல்பட வேண்டும். மோட்டாருக்கான மின்சாரத்தைத் தனி மின்வழங்கியிலிருந்தும், கட்டளையை மட்டும் டிசிசி கம்பியிலிருந்தும் பெறும் டிகோடரைப் பயன்படுத்தலாம். இதிலும் கட்டளைக் கம்பி துண்டிக்கப்படாத பகுதியிலிருந்து வர வேண்டும். எதைத் தேர்ந்தாலும், தண்டவாளம் நின்றுபோன பின்னும் தடமாற்றி அசைய வேண்டும் என்பதே அளவுகோல். பல சோலினாய்டுகள் ஒரே நேரத்தில் மின்தேக்கியை ஏற்றும்போது எஞ்சின்களின் வேகம் தளராமல் இருப்பதும் இதனால் கிடைக்கும் மற்றொரு நன்மை.

கம்பியின் பருமனும் நாணயச் சோதனையும்

தண்டவாளம் பெரும்பாலும் நிக்கல் சில்வர் என்னும் கலவையால் ஆனது. பெயரில் வெள்ளி இருந்தாலும் இதில் இருப்பவை செம்பு, நிக்கல், துத்தநாகம் மட்டுமே. இதன் மின்தடை செம்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல். ஆகவே தொலைவான பகுதிகளுக்கு மின்சாரத்தைத் தண்டவாளம் வழியே அனுப்பாமல், பருமனான செம்புக் கம்பி வழியே கொண்டுசென்று, சுமார் ஒரு மீட்டருக்கு ஒருமுறை மெல்லிய ஊட்டுக் கம்பியால் மேலேற்ற வேண்டும்.

2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.007 ஓம். 10 மீட்டர் தொலைவுக்குப் போகவும் வரவும் 20 மீட்டர் என்பதால் மொத்தம் 0.14 ஓம். 5 ஆம்பியர் பாய்ந்தால் 0.7 வோல்ட் மட்டுமே குறையும். அதே தொலைவுக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை இழுத்தால் ஏறத்தாழ 3.7 வோல்ட் குறைந்துவிடும்.

இதைவிடக் கவலைக்குரிய விளைவு ஒன்று உண்டு. ஓம் விதிப்படி, 15 வோல்ட்டில் 5 ஆம்பியர் பாய மொத்த மின்தடை 3 ஓமுக்கு மேற்படக் கூடாது. மெல்லிய கம்பியாலும் தளர்ந்த இணைப்புகளாலும் மின்தடை அதற்கு மேல் போனால், குறுக்குச் சுற்று ஏற்பட்டும் மின்னோட்டம் 5 ஆம்பியரை எட்டாது. பூஸ்டரும் அதைக் குறுக்குச் சுற்றென உணராது. எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். சக்கரத்தின் அடியில் வெப்பம் தொடர்ந்து ஏறிக்கொண்டிருக்கும்.

எனவே கம்பி வேலை முடிந்ததும் ஒரு நாணயத்தை இரு தண்டவாளங்களின்மேல் குறுக்காக வைத்துச் சோதிப்பது வழக்கம். பூஸ்டர் உடனே நின்றால் அந்த இடம் பாதுகாப்பானது. நிற்காவிட்டால் நாணயத்தை உடனே எடுத்துவிட்டு, அப்பகுதியில் இன்னொரு சோடி ஊட்டுக் கம்பிகளைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தடமாற்றியின் மூன்று முனைகளிலும் இச்சோதனையைச் செய்ய வேண்டும்.

சிறப்பு அமைப்புகள்

இரு பாதைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்திலேயே தடம் மாறவும் வழிசெய்யும் இரட்டைச் சறுக்குத் தடமாற்றியில் இரு கோடிகளிலும் ஒவ்வொரு ஃபிராக் உள்ளது. இங்கே ஒரு கோடியிலுள்ள ஃபிராக்கின் முனையைத் தீர்மானிப்பது மறுகோடியிலுள்ள நாக்குகள். ஆகவே இரண்டு மோட்டார்களின் சுவிட்சுகளையும் குறுக்காக இணைக்க வேண்டும்.

ரயில் சுற்றிவந்து அதே பாதையில் எதிர்த்திசையில் சேரும் வளைய அமைப்பில், 'அ' தண்டவாளம் வளைந்து வந்து 'ஆ' தண்டவாளத்தைத் தொடும். வளையத்தின் இரு வாயில்களிலும் இரு தண்டவாளங்களையும் வெட்டி, உள்பகுதிக்குத் தானியங்கி முனைமாற்றி வழியாக மின்சாரம் தர வேண்டும். வெட்டுகளுக்கு இடைப்பட்ட நீளம், உலோகச் சக்கரங்கள் கொண்ட மிக நீண்ட ரயிலைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

பிழை காணும் முறை

மின்சாரம் தருவதற்கு முன், மல்டிமீட்டரால் 'அ', 'ஆ' கம்பிகளுக்கு இடையே தொடர்பில்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். தடமாற்றிகளை ஒவ்வொன்றாக இணைத்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் சோதித்தால் பிழை எங்கே என்று தேட வேண்டியதில்லை. கம்பிகளின் நிறத்தைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்து மாற்றாமல் பின்பற்ற வேண்டும். எடுத்துக்காட்டாக, 'அ' முனைக்குச் சிவப்பு, 'ஆ' முனைக்குக் கறுப்பு, ஃபிராக்குக்குப் பச்சை.

இயக்கும்போது தோன்றும் அறிகுறிகளிலிருந்து காரணத்தை அறியலாம்:

இரு பாதைகளிலும் ஃபிராக்கில் ஏறியவுடன் ரயில் நின்றால், ஃபிராக் சுவிட்சில் 'அ', 'ஆ' கம்பிகள் இடம் மாறியுள்ளன.

ஒரு பாதையில் மட்டும் நின்றால், சுவிட்ச் முழுவதும் திரும்பவில்லை, அல்லது ஃபிராக்கிற்கு அப்பால் உள்ள மின்காப்பு ஒன்று விடுபட்டுள்ளது.

நாக்குப் பகுதியில் நின்றால், நாக்குகள் இன்னும் ஃபிராக்கோடு இணைந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

சிறிய எஞ்சின் மட்டும் நின்று, மற்ற ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தால், ஃபிராக்குக்கு மின்சாரம் வரவில்லை.

கட்டளைக்கு எதிர்ப்பக்கமாகத் தடம் மாறினால், மெதுவியக்க மோட்டாரின் இரு கம்பிகளையும் இடம் மாற்றினால் போதும். ஃபிராக் சுவிட்ச் மோட்டாரின் இருப்பைப் பின்பற்றுவதால் அதைத் தொட வேண்டியதில்லை.

அடிப்படைத் துணைக்கருவிக் கட்டளை ஒருவழிச் செய்தியே. நாக்கு உண்மையில் நகர்ந்ததா என்பதை அதனால் அறிய இயலாது. இடையில் ஒரு கல் சிக்கியிருந்தாலும் திரையில் தடம் மாறியதாகவே காட்டும். மோட்டாரின் இரண்டாவது சுவிட்ச் பயன்படாமல் இருந்தால், அதை உணர்கருவிப் பலகையோடு இணைத்து, நாக்கின் மெய்யான நிலையைக் கணினிக்குத் தெரிவிக்கலாம். ஜேஎம்ஆர்ஐ என்னும் கட்டணமற்ற திறந்தநிலை மென்பொருள் இத்தகவலைப் பெற்றுப் பாதை வரைபடத்தில் காட்டும்; ஒரே சொடுக்கில் பல தடமாற்றிகளை வரிசையாக மாற்றவும் செய்யும். சோலினாய்டுகளை இவ்வாறு வரிசையாக மாற்றும்போது, ஒவ்வொன்றுக்கும் இடையே மின்தேக்கி மீண்டும் நிரம்பச் சிறிது நேரம் விட வேண்டும்.